வடக்கே பாவி, கிழக்கே கோட்டை

வீடு வாங்கப் போகும் மகனுக்கு,

உன் கடிதமும் கல்யாணப் படமும் ஒரே உறையில் நேற்று வந்து சேர்ந்தன. படத்தை உன் அம்மா எடுத்துக்கொண்டாள். கடிதம் எனக்கு மிஞ்சியது. நம் வீட்டில் நல்ல பொருள்கள் எப்போதும் இந்த வரிசையில்தான் பங்காகும். அரூரில் நீ பார்த்திருக்கும் வீட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஓடு புதிது, ஜன்னல் பெரிது, பின்னால் முருங்கை நிற்கிறது, ஆபீசுக்கு நடந்தே போகலாம், மருமகளுக்கு அடுப்படி பிடித்துவிட்டது. எல்லாம் படித்து மகிழ்ந்தேன். கடைசியில் நாலு வரி. கிரயப் பத்திரம் எழுதும் வேலையைச் சேலத்தில் ஒரு பெரிய வக்கீலிடம் ஒப்படைத்திருக்கிறாய், மாமனார் சிபாரிசு, வக்கீல் வாசலில் இங்கிலீஷ் போர்டு, உள்ளே கூரை வரைக்கும் புத்தகம். அவர் வீட்டை வந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லையாம், காகிதம் போதுமாம். அவர் எழுதிய வரைவை நகலெடுத்து, பெருமையோடு எனக்கும் அனுப்பியிருக்கிறாய். அதில் நான்கெல்லை சொல்லும் இடத்தில் 'கிழக்கே கோட்டை' என்று இருக்கிறது.

மகனே, பரீட்சை வேலையாக அரூருக்கு நான் பத்துத் தடவையாவது போயிருக்கிறேன். நீ சொல்லும் தெருவுக்குக் கிழக்கே கோட்டை எதுவும் கிடையாது. கோட்டை கட்டும் அளவுக்கு அந்தத் தெருவைப் பார்த்து எந்த அரசனும் பயந்ததாகத் தெரியவில்லை. மனக்கலக்கத்தில் இரண்டாவது இட்லியோடு எழுந்துவிடலாமா என்று யோசித்து, நாலாவது இட்லியோடு எழுந்தேன். அந்தக் கோட்டை என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடத்தூரில் நாம் இந்த வீட்டை வாங்கிய கதையை நீ என் வாயால் பலமுறை கேட்டிருக்கிறாய். அந்தக் கதையில் நான் முன்யோசனையுள்ள மனிதன். பத்திரத்தை ஒரே பார்வையில் படித்து, ஒரு பெரிய சிக்கலைக் கண்டுபிடித்து, மறுநாளே தீர்த்துவிடுவேன். அந்தக் கதையில் உண்மையானது வீடு ஒன்றுதான். தெருவில் யாராவது 'அடப்பாவி' என்று கத்தினால் உன் அம்மா ஏன் அடக்கமாட்டாமல் சிரிக்கிறாள் என்று சின்ன வயதில் நீ கேட்பாய். "போய்ப் பாடத்தைப் படி" என்று அனுப்பிவிடுவேன். இப்போது உனக்கு இருபத்தொரு வயது, கல்யாணமும் ஆகிவிட்டது, நாட்டுக்கே சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. உண்மையைத் தாங்கிக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

எனக்குக் கல்யாணமான புதிதில் உன் அம்மா சிரிக்கும்போதெல்லாம் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவாள். நான் தமிழ் வாத்தியார். பெண்களின் நாணத்தைப் பற்றி ஏடுகளில் படித்ததெல்லாம் என் வீட்டு அடுப்படியிலேயே நடக்கிறது என்று எண்ணி, இரண்டு வருஷம் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதை அவளிடமே சொல்லிவைத்தேன்.

"நாணமுமில்ல, கோணமுமில்லைங்க. பல்லு" என்றாள்.

"பல்லுக்கு என்ன?"

"ரெண்டு வருசமா மூஞ்சியப் பாத்துப் பேசினவருதான நீங்க? எங்கூருத் தண்ணி அப்படி. கறை. சிரிச்சா அசிங்கமா இருக்குதுன்னு சின்னப் புள்ளையில இருந்தே மூடிப் பழக்கம்."

நான் காவிரிக் கரையில் பிறந்தவன். தண்ணீரைப் பற்றி யோசிக்கும் அவசியம் வந்ததில்லை. இந்தப் பக்கத்தில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் வேறு. ஒரு கிணற்றைக் குடித்து வளரும் பிள்ளைக்குப் பல்லில் காவி ஏறும். சாம்பல் போட்டாலும், கரி போட்டாலும், வேலங்குச்சி வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குச்சி தேய்ந்தாலும் அது போகாது. இரண்டு தெரு தள்ளி இன்னொரு கிணற்றைக் குடிக்கும் பிள்ளைக்கு ஒன்றுமே ஆகாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. உன் அம்மா புத்தகம் இல்லாமலே கண்டுபிடித்திருந்தாள். நாங்கள் அப்போது குடியிருந்த வாடகை வீட்டுக் கிணறு காவிக் கிணறு. நீ பிறந்ததும் அவள் ஒரு முடிவு செய்தாள். நல்ல தண்ணீர் உள்ள சொந்த வீட்டுக்குப் போகும் வரைக்கும் உனக்குத் தாய்ப்பால் மறக்கடிப்பதில்லை. நீ சிரிக்கும்போது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரிக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

உனக்கு ஒன்றே முக்கால் வயது ஆயிற்று. நீ ஓடிவந்து, பால் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி விளையாடப் போய்விடுவாய். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்பாள்: "ஏண்டி, பையனுக்கு மீசை மொளச்ச பொறவுதான் நிறுத்துவியா?"

"மீசை இந்தத் தண்ணியில மொளைக்கட்டும் அக்கா. பல்லு மொளைக்க வேணாம்" என்பாள் உன் அம்மா.

வீடு தேடியதும் அவள்தான். மற்றவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள். அவள் தெருத் தெருவாகப் போய், கொஞ்சுவது போலப் பிள்ளைகளின் கன்னத்தைப் பிடித்து வாயைத் திறந்து பார்ப்பாள். மாட்டுத் தரகர்களுக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது. இப்படிப் பார்த்துப் பார்த்து நெசவுத் தெருவில் வந்து நின்றாள். அங்கே நஞ்சப்பர் என்ற வயதான நெசவுக்காரர் வீட்டைச் சுற்றியிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் பல் அரிசி மாதிரி இருந்தது. காரணம் அவர் வீட்டுக்கு வடபுறம், சுவருக்கு அப்பால் இருந்த அவருடைய கிணறு. நஞ்சப்பர் பெங்களூரில் இருக்கும் மகளோடு போய்த் தங்குவதற்காக வீட்டை விற்கப் போகிறார் என்றும் தெரிந்தது. உன் அம்மா வீட்டுக்குள் போய்ப் பார்க்கக்கூட இல்லை. "இதுதாங்க" என்று வந்து சொன்னாள். கண்டுபிடிக்கும் வேலை அவளுடையது, பத்திரம் எழுதும் வேலை என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். கெட்டது அங்கேதான்.

பத்திரம் எழுத இந்த ஊரிலேயே ஒருவர் இருந்தார். நீயும் அறிந்தவர்தான், நம் ரைட்டர். சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சாய்வு மேஜை, ஒரு மைக்கூடு, ஒரு பொடி டப்பி. தலைக்கு மேலே ஒரு போர்டு. அந்தப் போர்டில் 'இங்கே பத்திறம் எழுதப்படும்' என்று வல்லின றகரம் போட்டு எழுதியிருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் என் உடம்பு கூசியது. பத்திரம் என்ற சொல்லையே எழுதத் தெரியாதவன் பத்திரத்தை எப்படி எழுதுவான் என்று கேட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் சேலத்துக்குப் போனேன்.

சேலத்தில் நான் பிடித்த வக்கீலும் உன்னுடையவரைப் போலத்தான். இங்கிலீஷ் போர்டு, கண்ணாடி அலமாரி, தோல் அட்டைப் புத்தகங்கள். மூலப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டார். வீடு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல ஆரம்பித்தபோது கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். எனக்கு அது மிகவும் பிடித்தது. பெரிய மனிதர்களுக்குத் தகவல் தேவைப்படுவதில்லை. பத்து நாள் கழித்து மூலப்பத்திரமும் வரைவும் கூடவே ஒரு கடிதமும் தபாலில் வந்தன. மூலப்பத்திரத்தில் 'வடக்கே பாவி உள்பட' என்று கண்டிருக்கிறதாம். பாவி என்பது ஆளின் பெயராகவோ, பண்ணையாளைக் குறிக்கும் வசையாகவோ இருக்கலாமாம். எப்படியானாலும் ஓர் ஆளை மனையோடு சேர்த்துக் கிரயம் செய்வது சட்டப்படி செல்லாதாம். ஆகையால் அந்தச் சொற்களை அடித்துவிட்டு, வடக்கெல்லையைச் சுவரோடு நிறுத்தியிருக்கிறாராம்.

படித்தபோது எனக்குப் புல்லரித்தது. கடத்தூரில் ஒரு வீட்டுக் கிரயத்தின் மூலம் அடிமை முறை ஒழிகிறது. அதில் எனக்கும் பங்கு. அந்த வரியை மூன்று முறை உரக்கப் படித்தேன். கிணறு என்ற சொல் வரைவில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனிக்கவும் செய்தேன். கண்ணுக்கு எதிரே இருக்கும் கிணற்றை எழுதியா காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. படிப்பு ஏறிய மூளையில் சில விஷயங்கள் ஒன்றையொன்று சந்திக்க நாளாகும்.

நஞ்சப்பரிடம் நயமாகச் சொல்லிவிடலாம் என்று புதன்கிழமை காலையில் போனேன். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்.

"வாங்க வாத்தியாரே, உக்காருங்க."

"வக்கீல் ஒரு சங்கதி எழுதியிருக்காருங்க. அந்தப் பாவியை விட்டுட்டு மீதியை மட்டும் எழுதிக்கலாம்னு."

தறி நின்றது. "பாவிய உட்டுட்டா?"

"ஆமாங்க."

"பாவி இல்லாம இந்த வூட்டை வாங்கி என்னங்க பண்ணுவீங்க?"

"நம்ம வேலையை நாமே பாத்துக்கறதுதாங்க நல்லது."

"அப்ப குடிக்கிறதுக்கு?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாதுங்க."

"பழக்கமே கெடையாதுங்களா?"

"மூணு தலைமுறையா."

நஞ்சப்பர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தணிந்த குரலில், "குளிக்கிறது?" என்றார்.

"அது தினமும் உண்டு."

"சரிங்க" என்றார், பெருமூச்சோடு. "படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதது இல்ல. மண்டிக்காரரு ரொம்ப நாளாப் பாவியக் கேட்டுக்கிட்டிருக்காரு. தொப்பூருப் பக்கம் வண்டி கட்டிக்கிட்டுப் போயிருக்காரு, வெள்ளிக்கெழமை வந்துருவாரு. அவருக்கே எழுதிக் குடுத்துடறேன்."

"அவரு நல்லா வெச்சுக்குவாருங்களா?" என்று கேட்டேன். முகம் தெரியாத அந்த மனிதனுக்காக எனக்குக் கவலையாக இருந்தது.

"தங்கமா வெச்சுக்குவாருங்க."

மனசாட்சி லேசான நிலையில் வீடு திரும்பி, வயிறாரச் சாப்பிட்டேன். மத்தியானம் உன் அம்மா தண்ணீர் சேந்தப் போனவள், வழியில் நஞ்சப்பர் சம்சாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு இடுப்பில் காலிக் குடமும் மறு இடுப்பில் நீயுமாகத் திரும்பிவந்து வாசலிலேயே நின்றாள்.

"கெணறு வேணாம்னு சொன்னீங்களா?"

"கிணறா? நான் அந்தப் பேச்சையே எடுக்கலியே."

"பாவி வேணாம்னு சொன்னீங்களா?"

"அது வேற. அது ஒரு ஆள்."

"எந்த ஆளு?"

"வக்கீல் எழுதியிருக்காரு."

"வக்கீலு வந்து தண்ணி சேந்துனாரா? அவங்க பாஷையில கெணத்துக்குப் பேரே பாவிங்க! நெசவுத் தெருவுல வூட்டுக்குள்ள கன்னடம் பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? மூணு தலைமுறையா நாம தண்ணியே குடிக்கிறதில்லன்னு வேற சொல்லிட்டு வந்திருக்கீங்க. நஞ்சப்பரு சம்சாரம் என்னைப் பாத்து, 'பாவம், உப்பாவது போட்டுக்குவீங்களா'ன்னு கேக்குது!"

கன்னடத்தில் அந்தப் பகரத்தை அழுத்திச் சொல்வார்கள், அது கிணறு. நாம் மெலிதாகச் சொல்வோம். அது பாவம் செய்தவன். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. எழுபது வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் பத்திரம் எழுதிய யாரோ தங்கள் வீட்டுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தெருவுக்கே அது தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர், வக்கீலும் தமிழ் வாத்தியாரும்.

"இன்னிக்குப் பொதன்" என்றாள் உன் அம்மா. "வெள்ளிக்கெழமை மண்டிக்காரரு வந்துட்டா கெணறு போச்சு. பொறவு இவன் மீசையோட எம் மடியிலதான் கெடக்கணும்." வேடிக்கையாகத்தான் சொன்னாள், ஆனால் காலிக் குடத்தை வாசலிலேயே போட்டுவிட்டாள். என்னிடம் யோசனை கேட்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு நேராக ரைட்டரிடம் போனாள்.

ரைட்டர் வந்தார். மூலப்பத்திரத்தை நீட்டினேன், வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நஞ்சப்பர் வீட்டை நாலு பக்கமும் காலால் அளந்து நடந்தார். மேற்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். தெற்குச் சுவரை மோந்து பார்த்தார் என்றுகூட எனக்கு ஞாபகம்; அது பொடி போட்டதாகவும் இருக்கலாம். கடைசியில் வடக்கே போய்க் கிணற்றை எட்டிப் பார்த்து, ஒரு வாளி இறைக்கச் சொல்லி, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்.

"பத்திரத்தைப் படிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"அது எங்கீங்க போகப் போவுது? எதை எழுதறோம்னு தெரியாம எதுக்கு அதப் படிக்கறது?" என்று வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு சேலத்து வரைவை வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தார். "வாத்தியாரே, இதுல தப்பே இல்லீங்க. ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல. கெணறுதான் இல்ல."

அதற்குமேல் அவர் சொன்னதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லாதவை. நஞ்சப்பரின் தம்பிக்கு இந்த வீட்டில் பங்கு இருந்ததும், அது தீர்ந்ததும் அவருக்குத் தெரியும். விடுதலைப் பத்திரத்தை எழுதியவரே அவர்தான். "மேக்கு வூட்டு ஓட்டுத் தண்ணி உங்க மனையிலதான் வுழும். அதையும் எழுதிப்புடறேன். இல்லைன்னா ஒவ்வொரு மழைக்கும் நீங்க எளக்கணத்தோட சண்டைக்குப் போவீங்க" என்றார். நஞ்சப்பரிடம் திரும்பி, "ஏனப்பா, மண்டிக்காரருக்கு வாக்கு ஏதும் குடுத்துட்டியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க. இவங்கதான் குடிக்கிறதில்லைன்னாங்க."

"இனிமே குடிப்பாங்க" என்றார் ரைட்டர்.

பத்திரத்தில் என் பெயரைப் போடப் போனபோது பேனாவை நிறுத்தி, "அம்மா பேருலயே இருக்கட்டுங்க" என்றார். "கெணத்தைக் கண்டுபுடிச்சது அவங்க. தொலைச்சது நீங்க." நான் மைக்கூட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை, வண்டி கட்டிக்கொண்டு எல்லோரும் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனோம். உன் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நஞ்சப்பர் புதுத் துண்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் முதல் நாள் இரவு தூங்கவில்லை. வாசலில் மாட்டுமணி கேட்கும்போதெல்லாம் மண்டிக்காரர் வந்துவிட்டார் என்று எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். சப்-ரிஜிஸ்திரார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரத்தை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். கிழக்கு, மேற்கு, தெற்கு எல்லாம் சரியாகப் போயின. "வடக்கே பாவி..." என்று படித்தவர் சட்டென்று நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"யாருய்யா இங்க பாவி?"

நான் எழுந்து நின்று, "நானுங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல, மகனே. வாத்தியாராகப் பத்து வருஷம் ஆஜர் எடுத்தவன். அதிகாரமான குரலில் யாராவது கூப்பிட்டால் எழுந்து நிற்க உடம்பு தயாராக இருந்தது. மனமும் அந்த ஒரு நாள் முழுக்க அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தது. முதலில் ரைட்டர் சிரித்தார், பொடி சிதறியது. நஞ்சப்பர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சப்-ரிஜிஸ்திரார் அடுத்த வரியைப் படித்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்த வரியில் ரைட்டர், 'வடக்கே பாவி, அதாவது கேணி, அதாவது கிணறு, அதில் ஊறும் தண்ணீர் உள்பட' என்று எழுதியிருந்தார். ஏன் மூன்று தடவை என்று பிறகு கேட்டேன். "நாளைக்கு எந்தூரு வக்கீலு வந்து படிச்சாலும் ஒண்ணாவது புரியணுமில்லீங்க" என்றார்.

ஆனால் நான் அப்போது அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. உன் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு கையாலும் உன்னைப் பிடித்திருந்தாள். முந்தானைக்குக் கை போகவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, இருபது பேர் முன்னால், கறைப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள். நாணத்தைப் பற்றி நான் படித்து வைத்திருந்த அவ்வளவும் அந்தச் சிரிப்பில் பறந்துபோயிற்று. அதற்குப் பிறகு இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயை மூடிச் சிரித்து நான் பார்த்ததில்லை. 'அடப்பாவி'க்கு அவள் ஏன் சிரிக்கிறாள் என்பது இப்போது உனக்கும் தெரியும்.

குடிபோன அன்றே மார்பில் வேப்பெண்ணெய் தடவி உனக்குப் பால் மறக்கடித்தாள். வடக்குக் கிணற்றில் முதல் வாளி இறைத்து, ஒரு டம்ளர் ஊற்றி உன் கையில் கொடுத்தாள். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய தண்ணீரை நீ ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, என் வேட்டியில் துப்பினாய். தீர்ப்பு சரியான ஆள்மேல்தான் விழுந்தது என்று ரைட்டர் சொன்னார். மண்டிக்காரர் வெள்ளிக்கிழமை வந்தார், விஷயத்தைக் கேட்டார், வருத்தப்பட்டார். ஒரு வாரம் கழித்துக் குடத்தோடு ஆள் அனுப்பினார். உன் அம்மா மறுக்காமல் தினம் இரண்டு குடம் கொடுத்தாள். அவர் பேரன்களின் பல்லையும் நீ பார்த்திருக்கிறாய்.

ரைட்டருக்கு நன்றியாக அவர் போர்டைத் திருத்தி எழுதித் தருகிறேன் என்றேன். "ஐயோ, தொட்டுடாதீங்க வாத்தியாரே" என்றார். "அந்தத் தப்பைச் சொல்லிட்டுப் போறதுக்குன்னே மாசம் நாலு பேரு உள்ளே வராங்க. வந்தவங்கள உக்காத்தி வெச்சு நாலு வார்த்தை கேட்டா, அவங்களுக்கும் ஏதாச்சும் எழுத வேண்டியது இருக்கும்."

இனி உன் கோட்டைக்கு வருகிறேன். நேற்றுச் சாயங்காலம் உன் வரைவை எடுத்துக்கொண்டு ரைட்டரிடம் போனேன். 'கிழக்கே கோட்டை' என்ற இடத்தில் விரலை வைத்து, மூலப்பத்திரத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். "கொட்டாயிங்க" என்றார். நம் பக்கத்தில் புஞ்சைக் காட்டில் நாலு கழி நட்டு, ஓலை வேய்ந்து, மாடு கட்டினால் அது கொட்டாய். கொட்டாய் என்று முடியும் ஊர்ப் பெயர்களே இங்கே எத்தனை இருக்கின்றன. சேலத்துக்காரர் அந்தச் சொல்லை யாரோ படிக்காதவன் செய்த பிழை என்று நினைத்து, பரந்த மனத்தோடு கோட்டையாகத் திருத்திவிட்டார். அதை அப்படியே பதிவு செய்தால், பக்கத்துக் காட்டுக்காரர் நாளைக்குத் தன் மாட்டுக் கொட்டாயை ஒரு முழம் உன் பக்கம் நகர்த்தும்போது, நீ கோர்ட்டில் போய்க் கோட்டை எங்கே என்று காட்ட வேண்டியிருக்கும்.

"நீங்களே அரூருக்கு வந்து எழுதிக் குடுத்துடுங்க" என்று ரைட்டரைக் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். "அந்தூருத் தண்ணி எனக்குத் தெரியாதுங்க. சித்தேரி மலையில இருந்து எறங்கி வர்றவங்க என்ன வார்த்தை சொல்லுவாங்களோ, நான் என்ன எழுதுவனோ. அங்கியே ஒருத்தரப் புடிக்கச் சொல்லுங்க" என்றார். அவரை நம்பலாம் என்பதற்கு எனக்கு அதுவரை இருந்த காரணங்களில் இதுவே பெரியது.

ஆகவே அரூரில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே போய் நில். யாருடைய போர்டையும் படிக்காதே. அது உன் அப்பா செய்த தவறு. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் மூலப்பத்திரத்தைக் கொடு. எல்லாம் புரிந்துவிட்டது என்று உடனே தலையாட்டுபவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடு. 'இந்த வார்த்தை என்னங்க? வாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்' என்று செருப்பை மாட்டுபவரிடம் விட்டுவிட்டு வா. சேலத்து வக்கீல் கெட்டவரல்ல. அப்பீலுக்குப் போனால் அவர் வேண்டும். அப்பீலுக்குப் போகாமல் இருக்கத்தான் உள்ளூர்க்காரர். என் வக்கீலும் அறிவாளிதான். அந்த ஒரே ஒரு கேள்வியை அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வாத்தியாருக்குப் பதில் தெரிந்த கேள்விகளை மட்டும் கேட்டுப் பழக்கம்.

உன் மாமனார் மனம் நோகாமல் இதைச் செய்ய வேண்டும். அவரிடம், 'அப்பாவுக்கு வயசாகிவிட்டது, உள்ளூர் ஆள்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்' என்று சொல்லிவிடு. பிடிவாதத்துக்கு வயதைக் காரணம் காட்டும் உரிமை இந்த வருஷம்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது. நீயும் கொஞ்சம் பயன்படுத்திக்கொள். பத்திரத்தை மருமகள் பெயரில் எழுதுவதைப் பற்றியும் யோசி. கொட்டாயைக் கோட்டை என்று நம்பிய ஆள் யார் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் முடிவு சுலபமாக இருக்கும்.

உன் அம்மா ஒன்று சொல்லச் சொன்னாள். வீட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவன் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று அவளுக்குக் கோபம். மருமகளைக் கூட்டிப்போய் அந்தக் கிணற்றில் ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொன்னாள். அந்தத் தெருவில் நாலு பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளி, வாய்க்குள் பார்த்துவிட்டு வரவும் சொன்னாள். காரணம் கேட்டால் இந்தக் கடிதத்தை மருமகளுக்குப் படித்துக் காட்டு. ரிஜிஸ்தர் ஆபீஸ் பகுதியை விட்டுவிடாதே. சொல்லாதே என்று நான் கேட்டுக்கொண்டாலும் உன் அம்மா எப்படியும் அவளிடம் சொல்லிவிடுவாள்.

படம் இப்போதுதான் என் கைக்கு வந்தது. நேற்றிலிருந்து அது தெரு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. படம் பிடிப்பவர்கள் மாப்பிள்ளையைச் சிரிக்க விடமாட்டார்கள். உன்னையும் விறைப்பாக நில் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மருமகள் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லியிருக்கிறாள். நீ கையைத் தொங்கவிட்டபடி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உன் அம்மா படத்தின்மேல் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். நம் ரைட்டர் பிழையில்லாமல் ஒரு வரிகூட எழுதமாட்டார் என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவந்தேன். அதை இன்று வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மேல்வரியிலும் பிழை இல்லை, கீழ்வரியிலும் பிழை இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மாவின் வீட்டில் குடியிருக்கும் பாவி